முதல் குளிர்காலம்: லடாக் போகும் மகனுக்கும் வீட்டாருக்கும்

கேள்வி: என் மகன் அக்னிவீராகச் சேர்ந்து இது இரண்டாவது வருஷம். தீபாவளி லீவுக்கு வந்திருக்கிறான். லீவு முடிந்ததும் லே போகிறான். அங்கிருந்து மேலே எந்த இடம் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கையோடு என்ன கொடுத்து அனுப்பலாம்? போன் வராத நாளில் என்ன செய்வது? வேலை கிடைத்தால் திருத்தணியில் மொட்டை என்று வேண்டிக்கொண்டது பாக்கி இருக்கிறது, கிளம்புவதற்குள் முடித்துவிடலாமா?
- ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, இடத்தைச் சொல்லாத விஷயத்தில் மகன் மேல் வருத்தப்படாதீர்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறான். அக்கம்பக்கத்தில் கேட்டால் “லடாக்கில் இருக்கிறான்” என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்கள் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் சோனம் போஸ்டின் மேல் பனிச்சரிவு விழுந்து 19-வது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் போனார்கள். அதில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். வேலூர் வட்டாரத்தில் அதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பனிச்சரிவு உங்கள் கையிலும் இல்லை, உங்கள் மகன் கையிலும் இல்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். குளிர்காலத்தில் எங்கள் எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறை) தூக்கிக்கொண்டு வரப்பட்ட பையன்களில் பெரும்பாலானவர்கள் ஒரே காரணத்தால்தான் அந்த நிலைக்கு வந்தார்கள்: உடம்பில் ஒன்று சரியில்லை என்று முதல் நாளே சொல்லவில்லை. வீட்டு விஷயத்திலும் இதே கதைதான். மறைத்து வைத்த சேதிதான் பிறகு பெரிதாக வெடிக்கும். ஆகவே நான் கீழே சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் லீவின் கடைசி வாரம். லே 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. நாம் மூச்சிழுக்கும்போது கிடைக்கும் பிராணவாயுவில் அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். குளிர்காலத்தில் சாலைகள் அடைபட்டுவிடுவதால் சண்டிகரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ விமானத்தில்தான் போவார்கள். நேற்று ஆரணியில் இட்லி சாப்பிட்ட உடம்பு இன்று அந்த உயரத்தில் இறங்கும். உடம்பு பழகட்டும் என்றுதான் ராணுவம் படிப்படியாக ஏற்றுகிறது. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், அதற்கு மேல் 15,000 அடி வரை 4 நாள், அதையும் தாண்டினால் இன்னொரு 4 நாள். முதல் 2 நாள் முழு ஓய்வு. அதன்பிறகுதான் மெல்ல நடை, அதன்பிறகுதான் ஏற்றம்.

புதிதாக வருகிறவனுக்கு மட்டும்தான் இது என்று பலரும் நினைக்கிறார்கள். ஏற்கெனவே மலையில் பழகியவனும் பத்து நாளுக்கு மேல் கீழே இருந்துவிட்டுப் போனால் மறுபடி பழக வேண்டும். லீவு முடிந்து திரும்பிய முதல் நான்கு நாளில் நுரையீரலில் நீர் கோத்து விழுந்தவர்களில் அங்கேயே ஒரு வருஷம் இருந்தவர்களும் உண்டு. “எனக்குத் தெரியாத மலையா” என்கிற தெம்புதான் அவர்களை விழவைத்தது.

கிளம்பும்போது மகனுக்குச் சளியோ காய்ச்சலோ இருமலோ இருந்தால் மாத்திரை கொடுத்து அமுக்கி வண்டி ஏற்றிவிடாதீர்கள். நெஞ்சில் சளியோடு உயரம் ஏறுவது ஆபத்து. லீவு தாண்டினால் தண்டனை என்று பயந்து மறைப்பான். மறைக்கத் தேவையில்லை. அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையிலோ, அது தூரமென்றால் அரசு மருத்துவமனையிலோ காட்டி, யூனிட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டால் அதற்கு வழியிருக்கிறது. வழியில் சண்டிகர் டிரான்ஸிட் கேம்ப்பில் சொன்னாலும் கேட்பார்கள். சொல்லாமல் விமானம் ஏறுவதுதான் தப்பு.

மொட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நவம்பரில் மொட்டைத் தலையோடு லடாக் போக வேண்டாம் அம்மா. தொப்பி போட்டாலும் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் தலை குளிரும். அடுத்த லீவில், வந்த முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். முருகன் பொறுத்துக்கொள்வார்.

இனி வருவது உங்கள் மகனுக்கு. இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பெட்டியில் வைத்தாலும் சரி.

தம்பி, லே போய் இறங்கியதும் தலை வலிக்கும், பசி எடுக்காது, தூக்கம் பிடிக்காது. அது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் விடாமல் வருகிறதா, கட்டிலில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரச் சொல்கிறதா, உடனே எம்.ஐ. ரூமுக்குப் போ. விடியட்டும் என்று காத்திருக்காதே. ‘ஹேப்போ’ என்று பாரக்கில் எல்லோரும் சொல்கிறார்களே, நுரையீரலில் நீர் கோப்பது, அது இப்படித்தான் ஆரம்பிக்கும். நுரையோடு இளஞ்சிவப்பாகக் கோழை வருகிற கட்டத்தில் நிமிஷங்கள் முக்கியமாகிவிடும். மூளையைத் தாக்குவது இன்னொரு வகை. உன் பக்கத்துக் கட்டில்காரன் குடித்தவன் மாதிரித் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, கிண்டல் பண்ணாதே. ஒரு கோட்டில் குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டவைத்து நடக்கச் சொல்லிப் பார். நடக்க முடியாவிட்டால் நீயே அவனைக் கூட்டிக்கொண்டு போ. அவனுக்குத் தன் நிலை தெரியாது.

எம்.ஐ. ரூமுக்குப் போனால் ‘வேலைக்குப் பயந்தவன்’ என்று சொல்வார்களோ என்று இளம் பையன்கள் தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை நல்ல ஹவில்தார் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். ஒருவனைக் காலையில் நடத்திக் கூட்டிவருவது எளிது. அவனையே ராத்திரி ஸ்ட்ரெச்சரில் இறக்க நான்கு பேர் வேண்டும், ஹெலிகாப்டர் வேண்டும், வானமும் திறக்க வேண்டும். பழைய ஆட்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது கால். குளிரில் விரல் வலிக்கிற வரைக்கும் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வலி நின்று மரத்துப்போனால் சந்தோஷப்படாதே, அப்போதுதான் கவலைப்பட வேண்டும். தோல் வெளுத்து மெழுகு மாதிரி இருந்தால் பனிக்கடி தொடங்கிவிட்டது. தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. புக்காரி அடுப்பின் மேல் காட்டவும் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். மேலோட்டமாக இருந்தால் விரலை அக்குளுக்குள்ளோ, கூட்டாளியின் வயிற்றோடோ வைத்துச் சூடேற்றலாம். அதற்கு மேல் போனது தெரிந்தால் மருத்துவ உதவியாளர் பாடு. அவர் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைப்பார், அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில்தான். ஒருமுறை உருகிய சதை மறுபடி உறைந்தால் விரலைக் காப்பாற்றுவது கஷ்டம்.

வியர்க்காமல் பார்த்துக்கொள். வேலை தொடங்கும் முன் ஓர் அடுக்கைக் கழற்று, முடிந்ததும் போட்டுக்கொள். வியர்வையில் நனைந்த உள்ளாடை, வேலை நின்ற பத்தாவது நிமிஷம் உன் எதிரி. ஈரமான சாக்ஸை மாற்றாமல் படுக்காதே. மாற்று ஜோடியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டால் காய்ந்தும் இருக்கும், சூடாகவும் இருக்கும். முகச்சவரத்தை ராத்திரியில் செய். காலையில் சிரைத்த தோலோடு காற்றில் நின்றால் எரியும், வெடிக்கும். இரும்பை வெறுங்கையால் தொடாதே. மேகமூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே. பனி திருப்பி அடிக்கும் வெளிச்சமே கண்ணைக் கெடுக்கப் போதும். சிகரெட், பீடி விரல் நுனிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ரம் விஷயத்திலும் ஏமாறாதே. குடித்ததும் கதகதப்பாக இருப்பது உள்ளேயிருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியே போவதால். காவலுக்குப் போகும் முன் குடித்தவன் குடிக்காதவனைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோவான்.

தண்ணீர் குடிப்பதில்தான் நம் பையன்கள் ஏமாற்றுவார்கள். ராத்திரி சிறுநீர் கழிக்க மைனஸ் 15-ல் வெளியே போக வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே உடம்பு நீரை இழக்கும். தாகம் தெரியாது. சிறுநீர் மஞ்சளடித்துப் போகிறதென்றால் போதவில்லை என்று அர்த்தம். நாளுக்கு நாலு லிட்டர், வெந்நீராக, சூப்பாக, டீயாக, எப்படியாவது உள்ளே போகட்டும்.

புக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பங்கருக்குள் மண்ணெண்ணெய் எரிந்தால் விஷவாயு உண்டாகும். அதற்கு மணமில்லை. புகைபோக்கியைப் பனி அடைத்திருக்கலாம், காற்றுத் துவாரத்தில் எவனோ குளிருக்குத் துணி திணித்திருக்கலாம். ஓர் ஆளுக்குத் தலைவலி என்றால் மலையாக இருக்கலாம். உள்ளே இருக்கும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்துக் குமட்டினால் அது புக்காரி. யோசிக்காமல் எல்லோரையும் வெளியே இழு. படுக்கும் முன் அணைத்துவிடு, விழித்திருக்கும் ஆள் இல்லாமல் எரியவிடாதே. பனிச்சரிவு பத்திரிகையில் வரும். புக்காரி சத்தமில்லாமல் வேலையை முடிக்கும்.

அம்மா, மறுபடி உங்களிடம் வருகிறேன். பார்சல்.

கையால் பின்னிய கம்பளி சாக்ஸை எத்தனையோ தாய்மார்கள் அனுப்புகிறார்கள். எம்.ஐ. ரூமில் பூட்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி அந்தச் சாக்ஸின் வரிவரியான தடம் பதிந்திருக்கும், விரல்கள் வெளுத்திருக்கும். இறுக்கமான சாக்ஸ் ரத்தத்தை நிறுத்திவிடும். ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் பூட்ஸுக்குள் இரண்டாவது ஜோடி திணிப்பதும் அதே கெடுதல்தான். குளிர் உடுப்பெல்லாம் அரசாங்கமே நல்லதாகக் கொடுக்கிறது, அந்தச் செலவை விட்டுவிடுங்கள். பருத்தி பனியன் டஜன் கணக்கில் வாங்கித் தராதீர்கள். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தின்பண்டம் அனுப்புங்கள், அது மருந்து மாதிரி. உயரத்தில் பசியே எடுக்காது. லங்கரில், அதாவது யூனிட் சமையலறையில், போடுவது சத்தானதுதான், ஆனால் நாக்குக்கு ஊர் ருசி கிடைத்தால் நாலு வாய் கூடுதலாக இறங்கும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த வேர்க்கடலை, கடலை உருண்டை, எள்ளுருண்டை, சுக்கு. அதிரசம் கல்லாகிவிடும், முறுக்கு பொடியாகப் போய்ச் சேரும். தேங்காயெண்ணெய் நம்மூர் மார்கழியிலேயே உறைகிறது, அங்கே உளி வேண்டும். வாசலின் டப்பா வையுங்கள். கண்ணாடி பாட்டிலில் எதுவும் வேண்டாம், உள்ளிருப்பது உறைந்தால் பாட்டில் வெடிக்கும். கொஞ்சம் அதிகமாகவே போடுங்கள். பங்கரில் தனியாகத் தின்கிற வழக்கம் கிடையாது.

தூக்கம் வரவில்லை என்று போனில் சொன்னால் தூக்க மாத்திரை வாங்கி அனுப்பிவிடாதீர்கள். உயரத்தில் தூங்கும்போது மூச்சு தானாகவே விட்டுவிட்டு வரும். அந்த மாத்திரை மூச்சை இன்னும் மந்தப்படுத்தும். எந்த மருந்தாக இருந்தாலும் அங்கேயுள்ள டாக்டர் கொடுக்கட்டும்.

பார்சலைத் தபால் அலுவலகத்தில் கொடுங்கள். தனியார் கூரியர் ராணுவ முகவரிக்குப் போகாது. படை எண், பதவி, பெயர், யூனிட், பிறகு கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ., 9-ல் தொடங்கும் பின்கோடு. அவ்வளவுதான். உறை மேல் லே என்றோ லடாக் என்றோ எழுதாதீர்கள். பொங்கலுக்குச் சேர வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கடைசிக் கட்டம் ஹெலிகாப்டரோ ஆள் சுமையோதான்.

போன். வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. கிளம்பும் முன் போஸ்ட்பெய்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மேலே போனால் சிக்னல் இருக்கும் இடமும் உண்டு, இல்லாத இடமும் உண்டு. குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும். அதனால் “ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பேசுவேன்” என்று அவனிடம் சத்தியம் வாங்காதீர்கள். ஒரு ஞாயிறு தவறினால் இங்கே நீங்கள் தூங்கமாட்டீர்கள், அங்கே அவனும் அதை நினைத்துத் தூங்கமாட்டான். கிடைக்கும்போது பேசுவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று நிமிஷம் கிடைத்தால் “சாப்பிட்டியா, சாப்பிட்டியா” என்பதிலேயே போய்விடுகிறது. அசம்பாவிதம் என்றால் யூனிட்டிலிருந்து வீட்டுக்கு முறையாகத் தகவல் வரும். டிவியில் ஓடும் வரியைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.

கடிதமும் எழுதுங்கள். பழங்காலம் என்று சிரிப்பான், ஆனால் பத்துத் தடவை படிப்பான். பெரிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. எந்த மாடு கன்று போட்டது, ஏரி எவ்வளவு நிறைந்தது, தங்கை எந்தப் பாடத்தில் எவ்வளவு வாங்கினாள், அது போதும். மகன் அனுப்பும் படத்தை யாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. பின்னாலிருக்கும் மலையின் விளிம்பை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 2020-ல் ராணுவம் 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது வீண் கண்டிப்பு இல்லை. முகம் தெரியாத பெண் பெயரில் யாராவது உங்களிடமோ அவன் தம்பியிடமோ அவனைப் பற்றி விசாரித்தால் பதில் சொல்லாமல் மகனிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது கஷ்டமான பகுதி. வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் சொல்வதா, மறைப்பதா? பெரும்பாலான குடும்பங்கள் மறைக்கின்றன. அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பிறகும் “நல்லா இருக்கார்” என்கிறார்கள். ஒரு மாதம் கழித்து மாமன் மகன் வாட்ஸ்அப்பில் போட்டுக் காட்டிக்கொடுக்கிறான். அதற்குப் பிறகு நீங்கள் “எல்லாம் நல்லபடி” என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் நம்பமாட்டான். ஒவ்வொரு ராத்திரியும் காவலில் நின்று எதையாவது கற்பனை செய்வான். உண்மையைச் சொல்லுங்கள். சொல்லும்போதே என்ன செய்தீர்கள், யார் கூட இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விட வேண்டியது சில்லறைச் சண்டைகளை. சித்தப்பா வரப்பை வெட்டினார், அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதையெல்லாம் 15,000 அடியில் துப்பாக்கியோடு நிற்பவன் என்ன செய்ய முடியும்?

அதேபோல, லீவு வாங்குவதற்காக “அம்மா சீரியஸ்” என்று பொய்ச் சேதி அனுப்பும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். விசாரிப்பார்கள், தெரிந்துவிடும். பிறகு நிஜமாக ஆபத்து வரும்போது சேதிக்கு மதிப்பு இருக்காது. உண்மையான அவசரத்துக்கு யூனிட் போன் எண்ணை இப்போதே எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். எண் கிடைக்காவிட்டால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சேதி சேர்க்க உதவும். பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் அவர்கள் உதவுகிறார்கள்.

லீவு கொடுத்தாலும் குளிர்காலத்தில் அவன் உடனே வந்துவிட முடியாது. பனி கொட்டினால் ஹெலிகாப்டர் நாள்கணக்கில் எழும்பாது. கேட்கவே சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை லீவு முடிவதற்குள் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: தாத்தா, பாட்டி யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் காத்திருப்பதா, இல்லை பங்காளி ஒருவர் கொள்ளி வைப்பதா? முன்பே பேசி வைத்த வீட்டில், வர முடியாமல் போன பிள்ளையை யாரும் குற்றம் சொல்வதில்லை, அவனும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதில்லை.

நிலத் தகராறு, வழக்கு என்றால் மகன் தன் கமாண்டிங் அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம். அவர் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுவார். போர்ச் சூழலுக்கு ஒப்பான பணியில் இருக்கும் வீரர் இல்லாத நேரத்தில் அவருக்கு எதிராக வழக்கு ஓடாமல் தடுக்க 1925-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வக்கீலிடம் ‘இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம்’ என்று சொல்லிக் கேளுங்கள்.

மகன் குரலில் மாற்றம் தெரிந்தால், பேச்சைச் சுருக்கிக்கொண்டே வந்தால், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால், “ஆம்பளப் பிள்ளை தாங்கிக்கணும்” என்று வாயை அடைக்காதீர்கள். என்ன என்று நேராகக் கேளுங்கள். கூட இருக்கும் சீனியரிடம் சொல்லச் சொல்லுங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம். படையினருக்கென்றே அதில் 2023 டிசம்பரிலிருந்து தனிப் பிரிவு இயங்குகிறது. வீட்டிலிருக்கும் உங்களுக்கு மனம் தாங்காவிட்டால் நீங்களும் அந்த எண்ணுக்குப் பேசலாம்.

கடைசியாகப் பணம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். அக்னிவீருக்கு இரண்டாம் ஆண்டு மாதம் 33,000 ரூபாய். அதில் 9,900 சேவா நிதிக்குப் போய்விடும், கைக்கு வருவது 23,100. மலைப் பணிக்கான படி இதற்கு மேல் தனியாக வரும். அது அங்கே இருக்கும்வரைதான். அந்தப் படியை நம்பி மாதத் தவணையில் பைக்கோ, வீட்டுக்கு மாடியோ எடுக்காதீர்கள். நான்கு ஆண்டு முடிந்தால் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் தொடர்வார்கள். மற்றவர்கள் சேவா நிதியாக ஏறக்குறைய 11.71 லட்சத்தோடு வெளியே வருவார்கள். அவனுடைய வங்கிக் கணக்கில் நாமினி யார், 48 லட்சம் ரூபாய்க் காப்பீட்டுப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை லீவு முடிவதற்குள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அபசகுனம் என்று அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். படிவத்தில் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தால் திருத்த அவன் ஊரில் இருக்கும் இந்த நாட்கள்தான் வசதி. ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.